ரூத் வரை வந்தவர்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மொழிபெயர்க்கிற லூக்கா சுவிசேஷத்தை மொழிபெயர்ப்பு ஆலோசகர் மறுபடியும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். உனக்கு மொழி சொல்லிக்கொடுத்தவர் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். சில மாதமாக உதவிப் பணமும் வரவில்லை. ஆண்டவருக்கே இந்த வேலை பிடிக்கவில்லையோ என்று கேட்டிருக்கிறாய்.

வழி திறந்தால் தேவசித்தம், தடை வந்தால் சித்தமில்லை என்று நம் சபைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கணக்குப்படி தமிழில் வேதாகமமே வந்திருக்கக் கூடாது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே அங்கிருந்த டேனிஷ் அதிகாரி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே. வெளியே வந்து 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோக, 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ மிகவும் பெரியவை. அவற்றை வைத்து அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் சுவிசேஷங்கள், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன.

பிரசங்கங்களில் எல்லாரும் அவருடைய சிறைவாசத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் சின்ன எழுத்துதான். காகிதம் குறைவு என்றதும் அடையாளம் கேட்டுக் காத்திருக்காமல் ஈயத்தை உருக்க உட்கார்ந்தார்களே, விசுவாசம் என்று நான் அதைச் சொல்வேன்.

சீகன்பால்க் பழைய ஏற்பாட்டையும் கையில் எடுத்தார். ரூத் புத்தகம் வரை வந்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை முடித்தவர் பின்னால் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே. அப்படி ஒருவர் வந்து முடிப்பார் என்று சீகன்பால்குக்கு யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. உனக்கும் கொடுக்க மாட்டார்கள்.

மனம் தாங்காவிட்டால் ஆண்டவரிடமே முறையிடு. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே இருக்கிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

பணம் வராதது வேறு விஷயம். அதற்குச் 'சோதனை' என்று பெயர் வைத்துச் சும்மா இருந்துவிடாதே. பணம் அனுப்புகிற அலுவலகத்துக்குத் தெளிவாக எழுது. வேலை செய்கிறவனின் கூலியைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், நீ மொழிபெயர்க்கிற அதே லூக்காவில், பத்தாம் அதிகாரத்தில். பொறுமை என்கிற பெயரில் ஊழியர்களைப் பட்டினி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

இனி லூக்காவுக்கு வருவோம். ஆலோசகர் குறித்த இடங்களை ஊர்ப் பாட்டிகளிடம் வாசித்துக் காட்டு. புரிந்ததா என்று மட்டும் கேட்காதே, உன் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல். விதைக்கிறவன் உவமையில் முள் எது, பாறை எது என்று அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ, அங்கே உன் வாக்கியம் பழுது. அதை அன்றைக்கே சரிசெய்.

அந்த உவமை உள்ள எட்டாம் அதிகாரத்தை இப்படித் திருத்தி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அலுவலகத்துக்கான கடிதத்தை அதற்கு முன்பே அனுப்பிவிடு.

ஜெபத்தோடு,
உன் அண்ணன்