வேலைக்குச் செல்வோரின் தூய்மை

வேலைக்குச் செல்லும் நம்மவரிடம் இரண்டு தவறுகளைக் காண்கிறோம். "உள்ளம் சுத்தமாயிருந்தால் போதாதா?" என்று சொல்லி, அழுக்குச் சட்டையும் கலைந்த தலையுமாய்க் கடைக்கும் அலுவலகத்துக்கும் வருவோர் ஒரு சாரார். பளபளப்பாய் உடுத்திக்கொண்டு, மூட்டை சுமப்பவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வோர் மறு சாரார். மார்க்கம் இவ்விருவருக்கும் என்ன சொல்கிறது?

ஹளரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று அபூதாவூதில் உள்ளது. அன்று மக்கள் உழைப்பாளிகளாயிருந்தனர். கம்பளி உடுத்தி, முதுகில் சுமை தூக்கினர். பள்ளிவாசலோ குறுகலானது; கூரையும் தாழ்வு. வெப்பமான ஒரு நாளில் வியர்வை வாடையால் ஒருவருக்கொருவர் தொல்லையுற்றனர். அதையுணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், ஜும்ஆ நாளில் குளித்து, தம்மிடமுள்ளவற்றில் நல்ல எண்ணெயும் நறுமணமும் பூசி வருமாறு பணித்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாது? சுமை தூக்கும் தொழிலை நாயகம் (ஸல்) அவர்கள் குறை கூறவில்லை. உழைப்பாளியைப் பள்ளிக்கு வராதே என்று விலக்கவுமில்லை. அருகிலிருப்பவருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். தம்மிடமுள்ளதே போதும் என்பதால், விலையுயர்ந்தது தேவையுமில்லை. பள்ளிவாசலில் நிற்பவருக்குள்ள இந்த ஒழுக்கம், பணியிடத்தில் தோளோடு தோள் நின்று வேலை செய்பவருக்கும் பொருந்தும்.

ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுமிடங்களில் பாடுபடுவோர் மீது தோலின் வாடை தங்கும். அது ஹலாலான உழைப்பின் வாடை, அதில் இழிவேதுமில்லை. வேலைக்கென ஓர் உடையை ஒதுக்கி, முடிந்ததும் குளித்து மாற்றிக்கொள்வதே அழகு. வேலையுடை தவிர ஜும்ஆவுக்கெனத் தனியுடை வைத்துக்கொள்ளவும் ஹதீஸில் ஆர்வமூட்டப்பட்டுள்ளது.

அப்படியாயின் நல்லாடையை விரும்புவது பெருமையாகாதா? ஆகாது. உண்மையை மறுப்பதும், மக்களை இழிவாய்க் கருதுவதுமே பெருமை என்ற கருத்தில் முஸ்லிம் ஷரீஃபில் நபிமொழி வந்துள்ளது.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உடுத்துவதிலிருந்தே அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்பது ஹளரத் அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் வந்துள்ள போதனையின் கருத்து. ஆகவே, "அழுக்காய் வருகிறாயே" என்று வேலையாளை ஏசுமுன் நம்மை நாமே கேட்போம்: கை கால் கழுவத் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறோமா? மாற்றுடை வாங்க அவர் கூலி போதுமா?

வீட்டிலும் கவனம் தேவை. சட்டை துவைப்பதைப் பெண்மக்கள் தலையில் மட்டும் சுமத்தலாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்களல்லவா?

உடலும் உடையும் உள்ளமும் தூயவர்களாய் உழைத்துண்ண வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.