சூரைச்செடியின் கீழே ஒரு தீர்க்கதரிசி

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19:1-18



ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்திலிருந்து நம் மருத்துவமனைக்கு வருகிற முதியோர் யாரும் "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "தூக்கமே இல்லைங்கய்யா, சோறு செல்லல, உடம்பெல்லாம் வலி" என்கிறார்கள். வயலில் உழைத்த கை ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று காப்பியோடு பொழுது போகிறது. பகலெல்லாம் படுக்கை, இரவெல்லாம் விழிப்பு. சபையில் சிலர் இதை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவதால், அவர்கள் வாய் திறப்பதுமில்லை.

2017-18-ல் நம் நாட்டில் 45 வயதும் அதற்கு மேலுமான 72 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் மூப்பியல் ஆய்வு நடந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 8 பேரிடம் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. மருத்துவர் அந்நோயைக் கண்டு சொல்லியிருந்ததோ 100-க்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே.

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் வெற்றி கண்டவர், யேசபேலின் மிரட்டலுக்குப் பின் வனாந்தரத்தில் சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் செய்தவை மூன்று.

1. ஆகாரமும் உறக்கமும் கொடுத்தார். தூதன் இரண்டு முறை தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் தந்தான். இடையில் எலியா உறங்கினார். நமக்கும் வேளைக்கு உணவு, அதில் கீரையும் பருப்பும், ஒரே நேரத்தில் படுக்கை வேண்டும். பகல் தூக்கத்தையும் மாலைக் காப்பியையும் குறைக்கவேண்டும். குடி சோர்வைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

2. நடக்கவைத்தார். எலியா ஓரேப்வரை 40 நாள் நடந்தார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற, 50 வயதுக்குக் குறையாத 156 பேர் பங்கேற்றனர். 16 வாரம், வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்தவர்கள், மருந்து உண்டவர்களுக்கு இணையாகத் தேறினர். கண்மாய்க் கரையில் காலையில் அரைமணி நேரம் நடந்தால் போதும். இருதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

3. பேசவிட்டார். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டு, எலியாவின் மனக்குறையை முழுவதும் கேட்டார். பிறகு செய்ய வேலையும், கூட நடக்க எலிசாவையும் கொடுத்தார். தான் ஒருவனே மீதி என்றிருந்தவருக்கு, இன்னும் 7000 பேர் உண்டு என்று காட்டினார்.

பழக்கங்கள் மட்டுமே எல்லாருக்கும் போதாது. இரண்டு வாரத்துக்குமேல் சோர்வும் நாட்டமின்மையும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள். தைராய்டுக் குறைவும் இப்படிக் காட்டக்கூடும். ஏற்கெனவே உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. "செத்தால் தேவலை" என்று பெரியவர் சொன்னால் அதை வயதான பேச்சென்று தள்ளாதிருங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல் அழைத்துவாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416-இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை சிகிச்சைக்கு உதவுகிறது. அதோடு இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒருவரை இந்த வாரம் சந்தியுங்கள். பிரசங்கம் வேண்டாம். கொஞ்சம் ஆகாரம் கொண்டுபோங்கள், கூட நடங்கள், அவர் பேசுவதைக் கேளுங்கள். தூதன் செய்த ஊழியமும் அவ்வளவு எளியதே.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்