ஒரே காரணம் போதாது

அன்புள்ள பேத்திக்கு,

உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். 1967இல் இங்கே தமிழ்நாட்டில் காங்கிரஸ் வீழ்ந்ததற்கு 1965 இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்தப் போராட்டத்தில் தெருவில் இறங்கிய மாணவன் நான். எனக்கே அந்த வரி போதவில்லை அம்மா.

அதே தேர்தலில் மேற்கு வங்காளம், பீகார், பஞ்சாபிலும் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பீகாரில் இந்தி எதிர்ப்பு ஏது? மழை பொய்த்த ஆண்டுகள் அவை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், விலை ஏறியது. உன் கொள்ளுப்பாட்டி அரிசிக்காக விடியுமுன்பே என்னை வரிசைக்கு அனுப்புவாள். சரி, பசிதான் காரணம் என்று மாற்றி எழுதிவிடாதே. அந்த மூன்று மாநிலங்களிலும் வந்த கூட்டணி அரசுகள் ஓராண்டுகூட நிற்கவில்லை. இங்கோ திமுக என்ற ஒரே கட்சி பெரும்பான்மை பெற்றது. அதன்பின் காங்கிரசிலிருந்து ஒரு முதலமைச்சர் வரவேயில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நீ விளக்க வேண்டும். அதற்கு, திமுக தொடங்கிய 1949க்குப் போ. படிப்பகம், மன்றம், மேடை நாடகம், சினிமா என்று பதினெட்டு ஆண்டுகள் ஊர் ஊராக நடந்த வேலையைப் பார்.

'அலை' என்ற சொல்லையும் எடுத்துவிடு. 1962இல் 46 சதவீதம் வாங்கிய காங்கிரஸ் 1967இல் 41 சதவீதம் வாங்கியது. திமுக தனியாகப் பெற்றது அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் காங்கிரசின் இடங்கள் 206இல் 139 என்பதிலிருந்து 234இல் 51 ஆகிவிட்டன. ராஜாஜியின் சுதந்திரா கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை திமுகவோடு சேர்ந்ததால் எதிர்ப்பு வாக்கு சிதறவில்லை. அந்தக் கூட்டணியைப் பற்றி உன் அத்தியாயத்தில் ஒரு வாக்கியமும் இல்லை.

விருதுநகரையும் நினைத்துப் பார். மொழிப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காங்கிரஸ் தலைவர் காமராசர் 1,285 வாக்கில் தோற்றார். 643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் அவர் வென்றிருப்பார். நடந்து முடிந்துவிட்டது என்பதற்காக, நடந்தே தீரவேண்டியிருந்தது என்று எழுதாதே.

என்னைப் போன்ற கிழவர்களின் நினைவையும் அப்படியே நம்பாதே. எங்களைக் கேட்டால் எல்லோரும் மொழி என்றுதான் சொல்வோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போ. 1966, 67 நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டு. மேடையில் அரிசி எத்தனை முறை வந்தது, இந்தி எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள். பொங்கலுக்கு வரும்போது அந்தக் குறிப்புகளைக் கொண்டு வா. உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் தாத்தா