‘இல்லை’ என்பதைப் படிக்கும் விதம்: இளம் நிரலருக்கு ஒரு கடிதம்

ஒரு சரத்துக்குள் இன்னொரு சரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்கப் பைத்தானில் ஃபைண்ட் இருக்கிறது, பிஎச்பியில் ஸ்ட்ர்பாஸ். இரண்டும் இடத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகின்றன. தேடியது கிடைக்காதபோதுதான் வழி பிரிகிறது: ஃபைண்ட் -1 என்கிறது, ஸ்ட்ர்பாஸ் ஃபால்ஸ் என்கிறது. ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாறும் இளம் நிரலர் முதலில் நிதானிக்க வேண்டிய இடம் இது.

பிஎச்பியில், தேடிய சொல் சரத்தின் தொடக்கத்திலேயே இருந்தால் விடை 0. இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும்போது 0-வும் ஃபால்ஸும் ஒன்றாகிவிடுவதால், இருக்கிற சொல் இல்லாததாகிவிடும். மூன்று சமக்குறி கட்டாயம். பைத்தானில் -1 உண்மை மதிப்பாகவே கொள்ளப்படும். ஃபைண்டை இஃப் நிபந்தனையில் அப்படியே வைத்தால், சொல் இல்லாதபோது நிபந்தனை நிறைவேறும். சொல் முதலிலேயே இருந்தால் நிறைவேறாது.

இதைவிட மோசமான விளைவு சரத்தை வெட்டும்போது வரும். பைத்தானில் -1 என்பது கடைசி எழுத்தைக் குறிக்கும் செல்லுபடியான இடம். முதல் காற்புள்ளி வரை வெட்ட எழுதிய நிரல், காற்புள்ளியே இல்லாத வரியில் கடைசி எழுத்தை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதே வேலையைப் பிஎச்பியில் செய்தால், வகைக் கண்டிப்பு இயக்கப்படாதவரை ஃபால்ஸ் 0 ஆக மாறி வெற்றுச் சரம் மிஞ்சும். அது உடனே கண்ணில் படும். பைத்தானின் தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். சொல் இருந்தே ஆக வேண்டிய இடத்தில் பைத்தானின் இண்டெக்ஸ் நல்லது: இல்லையென்றால் வேல்யூஎரர் எழுப்பி அங்கேயே நிறுத்திவிடும்.

பெரும்பாலான நிரல்களுக்கு இடம் தேவையே இல்லை. உண்டா, இல்லையா என்பது போதும். அதற்குப் பைத்தானில் இன் என்ற செயற்குறி உண்டு. 1995-இல் வெளிவந்த பிஎச்பிக்கு ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ் கிடைத்தது 2020-இல், 8.0 பதிப்பில்தான்.

அடுத்தது, எதை எண்ணுவது என்பது. ‘தமிழ்’ என்ற சரத்தில் ‘ழ’வைத் தேடினால் ஃபைண்ட் 3 தரும், சரம் யுடிஎஃப்-8இல் இருந்தால் ஸ்ட்ர்பாஸ் 9 தரும். பைத்தான் 3 யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. ஸ்ட்ர்பாஸ் பைட்டுகளை எண்ணுகிறது, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். குறிகளை எண்ணும் பிஎச்பியின் எம்பி_ஸ்ட்ர்பாஸ் பைத்தானைப் போலவே 3 தரும். ஆனால் வாசகர் கண்ணுக்கு அது மூன்றாம் எழுத்து, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2. அந்த விடையை இவற்றில் எதுவும் தருவதில்லை. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறிகளாக நிற்பதே காரணம். ‘தம’ என்று தேடினாலும் ‘தமிழ்’ அகப்படும்.

‘கொ’ இன்னும் நுட்பமானது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடல் மட்டும் தோற்கும். தமிழ்ச் சரங்களைத் தேடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவுக்கு மாற்ற வேண்டும். கிடைத்த இடத்தில் வெட்டும்போதும் கவனம் வேண்டும்: பிஎச்பியில் ஸ்ட்ர்பாஸ் தந்த இடத்தைச் சப்ஸ்ட்ருக்கும், எம்பி_ஸ்ட்ர்பாஸ் தந்ததை எம்பி_சப்ஸ்ட்ருக்கும் மட்டுமே கொடுக்க வேண்டும். கலந்தால் தவறான இடத்தில் வெட்டும், எழுத்து நடுவிலேயே உடையவும் கூடும்.