ரோமை உடைத்தது நான், பிடித்தது கூட்டாளி!

கேள்வி: சிவிலைசேஷன் 6 விளையாட்டை 'கேதரிங் ஸ்டார்ம்' சேர்த்து ஆடுகிறேன். இந்த முறை ஹங்கேரியின் மத்தியாஸ் கொர்வினஸ். டாமினேஷன் வெற்றிதான் என் குறி. மூன்று நகர அரசுகளுக்கு நான்தான் சூஸரெய்ன் (அதிகத் தூதர்களை அனுப்பி மேலாதிக்கம் பெற்றவர்). ஜெர்மனியின் பார்பரோசாவுடன் ராணுவக் கூட்டணி போட்டு, இருவரும் சேர்ந்து ரோம் மீது போர் தொடுத்தோம். என் பாம்பார்டுகள் ரோம் நகரத்தின் சுவரை உடைத்து, பலத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தன. என் வாள்வீரர்கள் வந்து சேர இன்னும் இரண்டு டர்ன் இருந்தது. அதற்குள் ஜெர்மனியின் படை நுழைந்து நகரத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நான் பிடித்த சிறிய நகரமும் சில டர்னிலேயே கலகம் செய்து போய்விட்டது. நகர அரசுகளுக்குத் தங்கம் கொடுத்து லெவியில் தற்காலிகமாக எடுத்த படைகளோ போர் சூடு பிடிக்கும் நேரத்தில் ஊர் திரும்பிவிட்டன. கூட்டணிப் படைகளை நம்பிப் போருக்குப் போவதே தப்பா? இந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

— வாசகர், ஈரோடு

பதில்: கூட்டணிப் படைகளை வைத்து உலகையே பிடிக்கலாம். ஹங்கேரியை அதற்காகவே வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் 'கூட்டணிப் படை' என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு படைகள். நகர அரசிடமிருந்து லெவியில் எடுத்த படை, கெடு முடியும்வரை உங்கள் படை. அதை நகர்த்துவது நீங்கள், அது பிடிக்கும் நகரம் உங்களுடையது. கூட்டாளி நாட்டின் படை அப்படியல்ல. அதை நகர்த்துவது கம்ப்யூட்டர், அது பிடிக்கும் நகரம் கூட்டாளியுடையது. டாமினேஷன் வெற்றிக்கு மற்ற எல்லா நாடுகளின் மூலத் தலைநகரங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கூட்டாளி கையில் இருக்கும் தலைநகரம் உங்கள் கணக்கில் வராது. ஆகவே கூட்டாளியின் வேலை எதிரியின் படையை வேறு திசையில் இழுத்துப் பிடித்து வைப்பது. முற்றுகையும் நுழைவும் உங்கள் படைக்கும் லெவிப் படைக்கும் உரியவை.

ரோம் கைநழுவிய அந்த டர்னைப் பார்ப்போம். ஒவ்வொரு டர்னிலும் முதலில் நீங்கள் ஆடுகிறீர்கள், பிறகு கம்ப்யூட்டர் நாடுகள் ஆடுகின்றன. நகரத்தின் பலத்தை எறிபடைகளால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரலாமே தவிர, அவற்றால் உள்ளே நுழைய முடியாது. நேரடியாக மோதும் யூனிட் ஒன்று தாக்கினால்தான் நகரம் கைமாறும். உங்கள் டர்னில் பலத்தைப் பூஜ்ஜியமாக்கி, நுழைய ஆள் இல்லாமல் டர்னை முடித்தால், அடுத்து ஆடும் கூட்டாளிக்குக் கதவைத் திறந்து வைத்ததாகத்தான் அர்த்தம். அதனால் நுழையும் யூனிட் நகரத்தை ஒட்டி, தாக்குவதற்கு நகர்வு மிச்சம் வைத்து நிற்கும்வரை கடைசிக் குண்டைப் போடாதீர்கள். நகரத்துக்கு நாற்பது, ஐம்பது பலம் மிச்சமிருக்கட்டும்.

அப்படி விட்டுவைத்தால் நகரம் தேறிவிடாதா என்று கேட்பீர்கள். முற்றுகை சரியாக இருந்தால் தேறாது. நகரத்தைச் சுற்றி ஆறு கட்டங்கள். அவற்றில் ஆள் நடமாடக்கூடிய எல்லாக் கட்டங்களும் உங்கள் யூனிட்டாலோ அதன் கட்டுப்பாட்டு வளையத்தாலோ (எதிரியின் நகர்வைத் தடுக்கும் பக்கத்துக் கட்டங்கள்) அடைபட்டால், நகரம் ஒவ்வொரு டர்னும் பெறும் 20 பலம் நின்றுபோகும். எறிபடைகளுக்கு அந்த வளையம் கிடையாது என்பதால், சுற்றி நிற்பவர்கள் வாள்வீரர், ஈட்டிவீரர், குதிரைப்படை போன்றவர்களாக இருக்க வேண்டும்.

முற்றுகைக்கு மட்டுமென்றால் மூன்று யூனிட்டே போதும். கூட்டாளி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆறு கட்டங்களிலும் ஆளை நிறுத்திவிடுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு போர் யூனிட்டுகள் நிற்க முடியாது. கூட்டாளிக்கும் அதே விதிதான். காலியிடம் இல்லையென்றால் அவருடைய வாள்வீரன் நகரத்தை நெருங்க வழியில்லை. நகரம் கடலோரமாக இருந்தால் நீர்க் கட்டத்தையும் கவனியுங்கள், மோதும் வகைக் கப்பலும் நகரத்தைப் பிடிக்கும்.

இந்த ஆறு கட்டங்களை நிரப்பத்தான் லெவிப் படை. மத்தியாஸின் கீழ் அதற்கு நகர்வில் 2, போர் பலத்தில் 5 கூடுதல். அரசு வளாகத்தில் இரண்டாம் நிலைக் கட்டடமாக வெளியுறவு அமைச்சகத்தைக் கட்டினால் லெவிச் செலவு பாதியாகும், பலம் இன்னும் 4 ஏறும். ஆக மொத்தம் 9. சம பலமுள்ள இருவர் மோதினால் சேதம் சராசரி 30. 9 புள்ளி கூடுதலாக இருந்தால் அது ஏறத்தாழ 43 ஆகும். நான்கு அடியில் சாய வேண்டிய எதிரி மூன்று அடியில் சாய்வான். நகர்வில் கிடைக்கும் 2 இன்னும் பெரிய வரம். சாதாரணக் கேட்டபல்ட் நகர்ந்த டர்னில் சுட முடியாது. லெவிக் கேட்டபல்ட் நகர்ந்துவிட்டும் சுடும். எதிரி நகரத்தின் அம்புக்கு ஒரு டர்ன் சும்மா இரையாகி நிற்கும் நிலை அதற்கு இல்லை.

லெவி எடுக்கும்போது அந்த நகர அரசில் உங்களுக்கு 2 தூதர்களும் கூடுதலாகக் கிடைக்கிறார்கள். கரும்பு தின்னக் கூலி என்பது இதுதான். லெவி யூனிட்டுகளைத் தரம் உயர்த்தும் செலவும், தங்கத்திலும் கனிமத்திலும், 75 சதவீதம் குறைவு. இதை எதிரி நிலத்தில் செய்ய முடியாது, படை புறப்படும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பழைய வாரியர்களை வாள்வீரர்களாக்கிப் போருக்கு அனுப்பினால், கெடு முடிந்து திரும்பும் படை வாள்வீரர்களாகவே திரும்பும். அடுத்த லெவியில் அதே வாள்வீரர்கள் மீண்டும் உங்களிடம் வருவார்கள். ஹங்கேரி ஆடுபவர்களில் பலர் இந்தச் சுழற்சியைக் கவனிப்பதில்லை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நுழையும் யூனிட்டாக ஹங்கேரியின் தனிப் படையான பிளாக் ஆர்மியை வையுங்கள். பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு லெவி யூனிட்டுக்கும் அதற்கு 3 பலம் ஏறும். ஆறு கட்டங்களில் ஒன்றில் அது, இரு பக்கத்திலும் லெவி வாள்வீரர்கள் என்று நிறுத்தினால் 6 புள்ளி சும்மா வருகிறது. ஆனால் அது குதிரைப்படை. சுவர் உடைக்கும் பேட்டரிங் ராமின் உதவி அதற்குக் கிடையாது. சுவரை வேறு யாராவது உடைத்துத் தர வேண்டும். உங்கள் மேப்பில் அக்காட் இருந்தால் மற்ற நகர அரசுகளை விட்டாவது அதன் சூஸரெய்ன் ஆகிவிடுங்கள். அதன் சூஸரெய்னுக்கு வாள்வீரர், ஈட்டிவீரர் வகைகளின் அடி சுவர் மீது முழுதாக விழும்.

படை பாதியில் திரும்பியது கணக்குப் பிசகு மட்டுமே. ஸ்டாண்டர்ட் வேகத்தில் லெவியின் கெடு 30 டர்ன். லெவி எடுத்துவிட்டுப் போருக்கு ஆயத்தம் செய்யக் கூடாது, ஆயத்தமெல்லாம் முடிந்த பிறகே லெவி. எதிரியைக் கண்டித்து 5 டர்ன் கழித்துத்தான் முறைப்படியான போரை அறிவிக்க முடியும். அந்த 5 டர்னில் உங்கள் பாம்பார்டுகள் எல்லைக்குப் போய்ச் சேரட்டும். ஐந்தாவது டர்னில் லெவி, தரம் உயர்த்தல், அடுத்து போர். எதிரிக்கு மிக அருகில் இருக்கும் நகர அரசையே இதற்குத் தேர்ந்தெடுங்கள். தொலைவில் உள்ள நகர அரசின் படை வழி நடந்தே பத்து டர்னைத் தின்றுவிடும்.

போர் நடக்கும்போது சூஸரெய்ன் பதவி பறிபோகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் போர் அறிவித்ததும் உங்கள் நகர அரசுகளும் ரோமுடன் போரில் இறங்கிவிடும். போரில் இருக்கும் நகர அரசுக்கு ரோம் தூதர் அனுப்ப முடியாது. ஆபத்து போரில் இல்லாத மூன்றாவது நாட்டிடமிருந்துதான் வரும். ஆளுநர் அமானியை அந்த நகர அரசில் அமர்த்தினால் அவர் 2 தூதர்களுக்குச் சமம். மேப்பில் கிரீஸின் பெரிக்லீஸ் இருந்தால் இந்த முன்னெச்சரிக்கை கட்டாயம். சூஸரெய்னாக இருக்கும் ஒவ்வொரு நகர அரசுக்கும் அவருக்குப் பண்பாட்டில் 5 சதவீதம் ஏறுவதால், உங்கள் நகர அரசுகள் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

கூட்டாளித் தேர்வைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பார்பரோசா உங்களுக்குப் பொருந்தாத கூட்டாளி. நகர அரசுகளைப் பிடிப்பது அவருடைய ஆசை, அவற்றோடு ஒட்டி உறவாடுபவர்களை அவருக்குப் பிடிக்காது, நகர அரசுகளோடு மோதும்போது அவருடைய படைக்கு 7 பலம் கூடுதல். உங்கள் பலம் முழுவதும் நகர அரசுகளில் இருக்கிறது. கூட்டணி முடிந்ததும் அவர் கை வைக்கப்போவது உங்கள் படைமுகாம் மேல்தான். உங்களுக்கு ஏற்ற கூட்டாளி, எதிரி நாட்டின் மறுபக்கத்தில் எல்லை வைத்திருப்பவர். அவர் எதிரியின் கவனத்தை அந்தப் பக்கம் இழுப்பார், நீங்கள் இந்தப் பக்கம் நகரத்தைச் சுற்றுவீர்கள். இருவர் படையும் ஒரே சுவரின் முன் வந்து நிற்கும் நிலை வராது.

சிறிய நகரம் கலகம் செய்தது லாயல்டி (நகரத்தின் விசுவாசம்) குறைந்ததால். நகரத்தின் மேல் 9 கட்டத் தொலைவு வரையுள்ள மக்கள்தொகை அழுத்தம் கொடுக்கிறது, தூரம் கூடக்கூட அழுத்தம் குறைகிறது. ரோமின் பெரிய நகரங்களுக்கு நடுவே ஒரு சிற்றூரை மட்டும் பிடித்தால் அது நிற்காது. ஒட்டியுள்ள இரண்டு மூன்று நகரங்களைச் சில டர்ன் இடைவெளியில் அடுத்தடுத்துப் பிடியுங்கள், முதலில் பெரியதை. ஆளுநர் ஒருவர் பதவி ஏற்றால் லாயல்டி 8 ஏறும். மற்றவர்களுக்கு அதற்கு 5 டர்ன் ஆகும், விக்டருக்கு 3 டர்ன் போதும். ஆகவே படையோடு விக்டரையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் நகரம் விழுந்ததில் ஜெர்மனிக்கும் பங்கு இருக்கலாம். ரோம் ஜெர்மனி கைக்குப் போனதும், அதன் மக்கள்தொகை ஜெர்மனியின் பெயரில் உங்கள் நகரத்தை அழுத்தத் தொடங்கியிருக்கும். இங்கே பலர் அறியாத வழி ஒன்று உண்டு. ராணுவக் கூட்டணிக்குப் பதில் பண்பாட்டுக் கூட்டணி போட்டால் இரு நாட்டு நகரங்களும் ஒன்றையொன்று அழுத்தாது. ராணுவக் கூட்டணி பொது எதிரியோடு மோதும்போது 5 பலம் தருகிறது, உண்மைதான். ஆனால் கூட்டாளியின் நகரங்கள் போர்க்களத்துக்கு அருகில் இருந்தால் அந்த 5 பலத்தை விடப் பண்பாட்டுக் கூட்டணியே மேல் என்பது என் முடிவு. கூட்டுப் போருக்கு ராணுவக் கூட்டணி வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பின்னால் ஹங்கேரியின் இன்னொரு தனிப் படையான ஹூசார் வரும்போது, எந்த வகைக் கூட்டணியானாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கு 3 பலம் ஏறும்.

வரலாற்றின் மத்தியாஸும் இப்படித்தான் வென்றார். 1458-ல் அரியணை ஏறியவர், கூலிக்குப் போரிடும் வீரர்களைத் திரட்டிக் கறுப்புப் படையை உருவாக்கி, 1485-ல் வியன்னாவைப் பிடித்தார். 1490-ல் அவர் இறந்த பின் சம்பளம் கொடுக்க ஆளில்லாமல் அந்தப் படை கலைந்தது, வியன்னாவும் கைவிட்டுப் போனது. கூலிப்படையின் கெடுவை விளையாட்டில் 30 டர்னாக வைத்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

இனி உங்கள் ஆட்டம். கூட்டணி 30 டர்னில் காலாவதியாகும், அதுவரை ஜெர்மனி மேல் கை வைக்க முடியாது. அதற்குள் ரோமின் மிச்ச நகரங்களை நீங்களே பிடித்து, அவற்றில் மக்கள்தொகையை வளருங்கள். உங்கள் நகரங்களின் அழுத்தம் ரோம் நகரத்தைச் சூழ்ந்தால், அது ஜெர்மனியிடமிருந்து கலகம் செய்து சுதந்திர நகரமாகக்கூடும். சுதந்திர நகரத்தைத் தாக்கினால் எந்த நாட்டின் மனக்குறையும் உங்கள் மேல் சேராது, நீங்கள் பிடித்தாலும் அது மூலத் தலைநகரமாகவே கணக்கில் வரும். அது நடக்காவிட்டால், கூட்டணியைப் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டு, ஜெர்மனிக்கு அருகில் உள்ள நகர அரசில் லெவி எடுத்து, அந்த ஆறு கட்டங்களையும் நிரப்பி ரோமைப் பிடியுங்கள். எப்படியும் வெற்றிக்கு ஜெர்மனியின் தலைநகரமும் உங்களுக்கு வேண்டும்.

மூன்று நகர அரசுகள் இன்னும் உங்கள் பக்கம் இருக்கின்றன. இந்த ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்.