ஞாயிறன்று அடங்கும் இளைப்பு

கேள்வி: என் கணவர் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், ஃபினிஷிங் பிரிவில், நாலு வருஷமாக ஸ்பிரே அடிக்கிறார். ஒரு வருஷமாக ராத்திரி இளைப்பு. ஞாயிறு குறைகிறது, புதன் ஆனால் படுக்கவே முடிவதில்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. "சின்ன வயசிலேயே வீசிங் இருந்ததாமே, எங்க பொறுப்பில்ல" என்கிறார் மேனேஜர். நஷ்டஈடு கிடைக்குமா?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: கேட்க உரிமை இருக்கிறது அம்மா. ஆனால் சீட்டில் 'ஆஸ்துமா' என்றிருந்தால் மட்டும் போதாது.

வேலை தொடர்பான ஆஸ்துமாவை மருத்துவர்கள் இரண்டாகப் பார்க்கிறார்கள். வேலையிடத்துப் பொருளால் உண்டானது ஒன்று. முன்பே இருந்து, வேலையால் முற்றியது மற்றொன்று. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 'பி' பகுதி, முதல் வகையைத்தான் தொழில்நோய் என்று பெயர் சொல்லி ஏற்கிறது. வேலை முறையிலேயே கலந்துள்ள, ஒவ்வாமை தரும் என்று அறியப்பட்ட பொருள் காரணமாக இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்த இந்த விதி 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது.

அப்படியொரு பொருள்தான் ஐசோசயனேட். பாலியூரித்தேன் பூச்சில் கலக்கும் ஹார்ட்னரில் இருப்பதுண்டு. டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பணம் தர வேண்டியது ஈ.எஸ்.ஐ. கழகம், கம்பெனி அல்ல. மேனேஜர் கைவிரிப்பதால் உங்கள் உரிமை போய்விடாது.

சிறுவயது வீசிங்? பல வருஷம் அடங்கியிருந்தவருக்கு ஐசோசயனேட்டால் புதிதாக ஒவ்வாமை வந்திருந்தால் அதுவும் தொழில் ஆஸ்துமாதான். பழையது கிளறிவிடப்பட்டது மட்டும் என்றால் வழக்கு கடினம். இரண்டில் எது என்று மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கு பீக் ஃப்ளோ மீட்டரில் நாளுக்கு நாலு முறை, வேலை நாளும் லீவு நாளும் சேர இரண்டு மூன்று வாரம் ஊதிக் குறிக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஞாயிறும் புதனும் அந்த எண்களில் தெரிந்தால் அது பெரிய சான்று. வேலையை விட்டபின் இதை எடுப்பது சிரமம். ஆனால் மூச்சு முட்டினால், சான்றுக்காக ஒரு நாள்கூட அவர் ஸ்பிரே முன்னால் நிற்க வேண்டாம்.

பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஷாப்புக்குள் நிற்பவரின் நுரையீரலுக்காக அந்த அளவு குரல் எழவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த வாரமே ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போங்கள். 'ஸ்பிரே வேலை, நாலு வருஷம்' என்று சீட்டில் எழுதவையுங்கள். தொழில்நோய்க்கான சிறப்பு மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கும் ஒரு கடிதம், பதிவுத் தபாலில்.