அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சீனப் புத்தாண்டுக்கு உடம்பைச் சுத்தம் செய்து புதுப்பிக்கும் மூலிகைப் பொட்டலமாம், பதினைந்து நாளுக்கு. சிவப்புத் தாளில் ஒட்டியிருந்த சீட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். விற்றவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே என்னென்ன மூலிகை என்று ஒரு வரி இல்லை.

சீன மருத்துவத்தை நான் மட்டமாகப் பேசுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். தாத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது தோங் சாய் சீன வைத்தியசாலையில்தான் காட்டினோம். 1867-இல் தொடங்கிய இடம் அது. இனம், மதம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் பார்ப்பவர்கள். அங்கே இருந்த சின்சே, அதாவது சீன வைத்தியர், இரண்டு கை நாடியையும் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் மருந்து எழுதினார். உன் பொட்டலக்காரர் உன் நாக்கைப் பார்த்தாரா?

பெரியப்பா கதையை மறுபடி எழுத மனமில்லை. முட்டி வலிக்கு யாரோ கொடுத்த கறுப்பு உருண்டையைத் தின்று ஒரே வாரத்தில் ஓடியாடி நடந்தார், அப்புறம் முகம் வீங்கியது. ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று தெரிந்தபோது அவர் உடம்பு பாதி கெட்டுவிட்டது. அதை விற்ற ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இன்றைக்கும் நம் ஊர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் இதே மாதிரிப் பொருள்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற உன் ஆசை நல்லதுதான். லிச்சுன், அதாவது சீனர்களுடைய வசந்தத் தொடக்கம், பிப்ரவரி 4 வாக்கில் வரும். வசந்தம் கல்லீரலுக்குரிய காலம் என்பது அவர்கள் கணக்கு. ஹுவாங்டி நேய்ஜிங் என்ற பழைய நூலில் வசந்தத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? சீக்கிரம் எழு, முற்றத்தில் நட, கூந்தலைத் தளர்த்திவிடு, மனத்தை இறுக்காதே. மருந்தின் பெயர் ஒன்றுகூட அங்கே கிடையாது. குளிர்காலத்தைவிடக் கொஞ்சம் பிந்திப் படுக்கலாம் என்றும் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதே. விளக்கில்லாத காலத்துப் பிந்துதல் அது. இரவு 11 முதல் 1 வரை பித்தப்பைக்கு, 1 முதல் 3 வரை கல்லீரலுக்கு என்று சின்சேக்கள் நேரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீயோ இரண்டு மணிக்குக் குரல் செய்தி அனுப்புகிறாய். தூங்காத உடம்பை எந்தக் கஷாயம் கழுவும்?

இன்னொன்று. பனி உருகும் ஊருக்கு எழுதியது அந்தப் பழைய நூல். இங்கே நமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. பாக் குவாவும் அன்னாசி டார்ட்டும் தின்று ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும் உடம்பில், பொட்டலத்தில் ஜின்செங் இருந்தால் அதையும் ஊற்றுவானேன்? செவ்வந்திப்பூ டீ குடி, போதும். அம்மாவுக்கு அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதே. அவள் வார்ஃபரின் சாப்பிடுகிறாள். தாங் குவேய் என்ற மூலிகை அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். அந்த மூலிகை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சீட்டைப் பார்த்து உன்னால் சொல்ல முடியுமா?

நீ வளர்ந்தவள், சம்பாதிக்கிறவள், முடிவு உன்னுடையது. சாப்பிட்டே தீருவேன் என்றால் பதிவுபெற்ற ஒரு சின்சேயிடம் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டு. சீன வைத்தியர்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் யாரும் தொழில் செய்ய முடியாது, பெயரைச் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேள். தராவிட்டால் நான் தருகிறேன்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே, கண்ணு. நம் வீட்டிலேயே கெட்டிக்காரி நீதான், எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சனிக்கிழமை வந்து தங்கு. உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைக்கிறேன். மெத்தைக்குப் புது உறை போட்டிருக்கிறேன், பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடலாம். ஞாயிறு காலை எழுப்ப மாட்டேன்.

அன்புடன்,
அத்தை